தபால்காரன் கொண்டுபோன மத்தியானங்கள்

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கட்டம் போட்ட தாள், நீல அட்டை, டென்மார்க்கில், சில்க்போர்க் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது. ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேலாக, நான் அதில் ஒரு மனுஷியைப் பற்றி எழுதினேன். எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு கதைத்தார், என் மேசைப் பக்கம் எத்தனை தரம் வந்துபோனார், எந்த நேரம் சிரித்தார் என்று எல்லாம் அதில் உண்டு. கையெழுத்தும் வடிவாகத்தான் இருக்கிறது, பரீட்சைக்கு எழுதியதுபோல. அந்த மனுஷிதான் எனக்கு அந்த வேலையையே எடுத்துத் தந்தவர் என்பதை மட்டும் கொப்பியில் எங்கும் காணவில்லை.

அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். உறவு ஒன்றும் கிடையாது. நான் யாழ்ப்பாணம், அவர் மன்னார். நான் பிள்ளையார் கோயில், அவர் மாதா கோயில். ஊரில் என்றால் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் இருந்து போயிருந்தாலும் கதைத்திருக்க மாட்டோம். அறுபது பேர் வேலை செய்கிற இடத்தில் தமிழர் இரண்டே பேர் என்றால் உறவு தானாக வந்துவிடுகிறது. அவர் அகதியாக வந்து, இறைச்சித் தொழிற்சாலையில் பதினோரு வருடம் கத்தி பிடித்து, தோளும் முதுகும் கைவிட்ட பிறகு, நாற்பது வயதில் டேனிஷ் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து கணினி படித்தவர். உடம்பைப் பார்த்து நகரசபையான கொமூன் அவருக்கு அரைநாள் வேலைதான் ஒழுங்கு செய்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு வருவார், நாலு மணிக்குப் போவார். நான் கல்யாணம் செய்து இங்கே வந்து, யாழ்ப்பாணத்தில் எடுத்த கணினிப் பட்டத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பிறந்தநாள் வீட்டில் என்னைக் கண்டு, என்ன படித்தேன் என்று கேட்டவர் அவர். அடுத்த திங்கட்கிழமையே என் விண்ணப்பம் அவர் கையால் பிரிவுத் தலைவரின் மேசைக்குப் போனது.

பன்றிக் கொட்டில்களின் காற்றாடிகளைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளைச் செய்கிற நிறுவனம் அது. சூடு ஏறினால் காற்றாடி வேகம் பிடிக்க வேண்டும். காற்றாடி நின்றுபோனால் விவசாயியின் தொலைபேசி அலற வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுவது எங்கள் ஆறு பேரின் வேலை. எங்கள் ஒவ்வொருவரின் கணினியிலும் நிரலின் ஒரு பிரதி இருக்கும், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணினி. நகரத்தின் மறுபக்கம் இருந்த பரிசோதனைக் கூடம் எடுப்பது அந்தப் பொதுக் கணினியில் இருப்பதைத்தான். இந்தப் பிரதிகளெல்லாம் ஒன்றுபோல இருப்பதற்கு அக்கா வந்த புதிதில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தார். மணிக்கொரு தடவை எங்கள் கணினிகள், தம்மிடமுள்ள கோப்புகளின் பெயரையும் அவற்றைக் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் பட்டியலாக அனுப்பும். அக்காவின் நிரல் அதைப் பொதுக் கணினியில் இருப்பதோடு ஒப்பிட்டு, எது பிந்தியதோ அதை மற்றப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். பழையது அழிந்துவிடும். அலுவலகத்தில் அதற்குத் தபால்காரன் என்று பெயர். இந்த வேலைக்கு இன்னும் நல்ல கருவிகள் அப்போதே இருந்தன. ஆனால் ஓடுகிற ஒன்றை ஏன் நிறுத்துவான் என்பது அந்த நிறுவனத்தின் குணம். தபால்காரன் அக்காவின் பெயரில் ஓடியதால், அவன் எதைத் தொட்டாலும் பதிவேட்டில் ‘மாற்றியவர்’ என்ற இடத்தில் அக்காவின் பெயர் விழும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் சேர்ந்து நாலாம் வருடம், அந்தப் பெட்டியின் நிரலுக்குப் பொறுப்பாளராக என்னைப் போட்டார்கள். அக்காவும் அந்த இடத்துக்கு விண்ணப்பித்திருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அவர் ஒரு பெட்டி ரோல்ஸோடு வந்து என்னை வாழ்த்தினார், நானும் இரண்டு சாப்பிட்டேன். பொறுப்போடு எனக்குப் புதுக் கணினி ஒன்றும் வந்தது. இயக்குதளத்தின் புதிய பதிப்பு அதில்தான் முதலில் ஏறியது. மற்றவர்களுக்குக் கோடை விடுமுறைக்குப் பிறகுதான் மாற்றுவதாக இருந்தது. அது வந்த கிழமையே, வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து நான் திருத்திய கோப்பு ஒன்று, மூன்று மணிக்குத் திறந்து பார்த்தபோது காலையில் இருந்த மாதிரியே இருந்தது. சேமிக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டு திரும்ப எழுதினேன். திங்கட்கிழமை மத்தியானமும் அப்படியே நடந்தது. செவ்வாயும் அப்படித்தான். பதிவேட்டைத் திறந்தேன். மாற்றியவர் என்ற இடத்தில் ஒவ்வொரு தரமும் அக்காவின் பெயர் இருந்தது.

அது தபால்காரன் என்று மூளை சொல்லத்தான் செய்தது. ஆனால் மற்ற ஐந்து பேரின் கோப்புகளும் பத்திரமாக இருக்க, என்னுடையதை மட்டும் தபால்காரன் ஏன் தேடி வர வேண்டும்? காலையில் செய்வது நிற்கிறது, மத்தியானம் செய்வதுதான் போகிறது. மத்தியானம் வருவது யார்? தபால்காரனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவது, அதைத் தைத்தவருக்குத்தானே சுலபம். இப்படி ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக எல்லாம் பொருந்திக்கொண்டு வந்தது. பொருந்துகிறபோது மனதுக்கு ஒரு சுகம் வருகிறது, அதையும் நான் ஒளிக்கப்போவதில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, அவவுக்கு எரிச்சல் இருக்கும்தானே என்றார். அந்த வார இறுதியில் பூப்பந்து விளையாடப் போன இடத்தில் அவர் தன் கூட்டாளிமாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். அதைத் தடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

என்னோடு வேலை செய்த டேனிஷ்காரர் யாராக இருந்தாலும் எழுந்து அக்காவின் மேசைக்குப் போய், என் கோப்பைத் தொட்டாயா என்று கேட்டிருப்பார். அக்கா இல்லை என்று சொன்னால் இரண்டு பேருமாக இருந்து என்ன நடக்கிறது என்று பார்த்திருப்பார்கள். நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. அக்கா என்று கூப்பிட்ட வாயால் அதை எப்படிக் கேட்பது? கேட்டால் மரியாதை இல்லை என்று நினைத்தேன். ஐந்து கிழமை ஒளித்திருந்து ஒருவரைப் பற்றிக் கொப்பியில் எழுதுவது எனக்கு மரியாதைக் குறைவாகப் படவில்லை. அவர் கொண்டுவந்த சாப்பாட்டுக்கு வயிறு சரியில்லை என்றேன். அவர் என் பின்னால் நடந்தால் திரையைச் சுருக்கினேன். தமிழில் கதைத்தால் மற்றவர்களுக்கு விளங்காது, அது நல்ல பழக்கம் இல்லை என்று சாட்டுச் சொல்லி, அவரோடு டேனிஷில் கதைக்கத் தொடங்கினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு டேனிஷிலேயே பதில் சொன்னார். அந்தப் பார்வையையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டேன்.

ஒரு சோதனையும் செய்தேன். அக்கா மகளைப் பார்க்க கோப்பன்ஹேகன் போன இரண்டு நாளும் என் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொப்பியில் அந்த இரண்டு நாளுக்கும் கீழே இரட்டைக் கோடு போட்டேன். அந்த இரண்டு நாளும் மத்தியானங்களில் எனக்குக் கூட்டத்துக்கு மேல் கூட்டம், காலையில் ஒரு தரம் திருத்தியதைத் தவிர நான் எதையும் தொடவே இல்லை என்பது அதே பக்கத்தில் என் கையாலேயே எழுதிக் கிடக்கிறது. கண் அதற்கு மேலாகப் போய்விட்டது.

பிறகு எங்கள் ஜூலாந்துக் குடாநாட்டின் மேற்கில் ஒரு பண்ணையில் காற்றாடி நின்றது. தொலைபேசி அடிக்கவில்லை. விவசாயி தற்செயலாகக் கொட்டிலுக்குள் நின்றதால் கதவுகளைத் திறந்துவிட்டார், ஒரு மிருகமும் சாகவில்லை. அந்தப் பெட்டியில் அழைப்பு மணி பிழைவிடும் என்று தெரிந்து, அதை நான் ஏற்கெனவே ஒரு மத்தியானம் திருத்தியிருந்தேன். பரிசோதனைக் கூடத்துக்கும் அங்கிருந்து பண்ணைக்கும் போனதோ பழைய நிரல். பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நெட்டையான, மெல்லப் பேசுகிற மனுஷன், கோபம் வந்தால் இன்னும் மெல்லப் பேசுவார். அந்த அலுவலகத்தில் கூட்ட அறைகளுக்குக் கண்ணாடிச் சுவர். நான் கொப்பியோடு போனேன். தமிழில் எழுதியிருந்ததால் அவரால் வாசிக்க முடியாது. நேரங்களை மட்டும் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னேன், பதிவேட்டின் பிரதியையும் பக்கத்தில் வைத்தேன். யார் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, எப்போது நடக்கிறது என்றுதான் தெரியும் என்றேன். அப்படிச் சொல்வதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்கு நானே நினைத்துக்கொண்டேன். அவர் பதிவேட்டை இரண்டு தரம் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே, தன் மேசையில் குனிந்திருந்த அக்காவைப் பார்த்துவிட்டு, அவரா என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அடுத்த நாள் அக்காவின் அனுமதிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கும்படி சொன்னார்கள். ஐம்பத்து நாலு வயதில், அரைநாள் வேலைக்கு மட்டும் உடம்பு ஏலக்கூடிய ஒரு வெளிநாட்டுக்காரிக்கு அந்த ஊரில் இரண்டாவது கணினி வேலை கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் தன் தேத்தண்ணீர்க் கோப்பையையும் தோளுக்குப் போடும் சூட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு போனார். அந்த மத்தியானம் என் கோப்புகள் அசையவில்லை. அடுத்த மத்தியானமும் அப்படியே. பிரிவுத் தலைவர் என் மேசைக்கு வந்து எப்படி என்று கேட்டார், எல்லாம் நிற்கிறது என்றேன். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கணவர் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போவோமா என்று கேட்டார். போனோம். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அக்காவின் பெயர் நிறுத்தப்பட்டபோது அந்தப் பெயரில் ஓடிய தபால்காரனும் நின்றுவிட்டான் என்பதைப் பரிசோதனைக் கூடத்துக்காரர்தான் ஒரு கிழமை கழித்துச் சொன்னார்கள். புதிது ஒன்றும் வரவில்லை என்றார்கள். நான் பொறுப்பாளர் அல்லவா, ஐந்து நிமிட வேலை என்று சொல்லித் தபால்காரனை என் பெயரில் ஓடவிட்டேன். அது புதன்கிழமை காலை. காலையில் திருத்திய ஒரு கோப்பை மத்தியானம் திரும்பவும் திருத்தினேன். இரண்டு மணிக்குப் பிறகு திறந்தேன். என் வேலையைக் காணவில்லை. பதிவேட்டைப் பார்த்தேன். மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு கணினிக்காரி செய்ய வேண்டியதைச் செய்தேன். என் கணினி அனுப்பிய பட்டியலையும் பக்கத்து மேசைக்காரரின் பட்டியலையும் அச்செடுத்து அருகருகே வைத்தேன். அவருடையதில் நேரம், மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகளோடு இருந்தது. என்னுடையதில் ஒரு புள்ளிதான். டென்மார்க்கில் நேரத்தைக் கையால் எழுதுகிறவர்கள் ஒற்றைப் புள்ளிதான் வைப்பார்கள். புதிய இயக்குதளம் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இரட்டைப் புள்ளியைத் தேடிப் பழகிய தபால்காரன், அது இல்லாத இடத்தில் நேரமே இல்லை என்று எண்ணி, என் கோப்புகளையெல்லாம் அந்த நாள் பிறந்த நிமிடத்தில், நள்ளிரவு பூச்சியத்தில், எழுதியதாகக் கணக்கெடுத்தான். அதனால் ஒரு நாளில் ஒரு கோப்பில் நான் முதலில் செய்கிற திருத்தம் நேற்றையதை விடப் புதிது என்று பொதுக் கணினிக்குப் போய்விடும். போய் விழுகிற நேரம் அங்கே சரியாகப் பதியும். அதே நாளில் அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் நான் எதைச் செய்தாலும் அது பொதுக் கணினியில் இருப்பதை விடப் பழையது, அழிக்க வேண்டியது. அதுதான் என் மத்தியானங்கள். கொப்பியைத் திறந்தேன். ஐந்து கிழமையும் நான் எழுதிய ஒவ்வொரு நேரமும் ஒற்றைப் புள்ளியோடுதான் இருந்தது. காரணத்தை என் கையாலேயே நூறு தரம் எழுதிவிட்டு, ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு எடுத்தது நாற்பது நிமிடம். பிரிவுத் தலைவரிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் இரண்டு பட்டியல்களையும் வாங்கிப் பார்த்தார். பிறகு, தானும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றார். அக்காவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார், எல்லோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். என்னைக் காப்பாற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. அலுவலகத்தில் அந்த விஷயம் அதோடு முடிந்தது.

நான் அக்காவின் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, ஜன்னலில் ஏரி தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டிய சொற்களை பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது அந்த இரண்டு பட்டியல்களையும்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் விரித்துப் பார்த்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. நேரத்தை எழுத்தாக வாசித்தது தன்னுடைய பிழைதான், எண்ணாக வாங்கியிருக்க வேண்டும், அந்த நாள் அவ்வளவுதான் தெரிந்திருந்தது என்று சொல்லி, தன்னைப் பார்த்துத் தானே கொஞ்சம் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதபடியே கொப்பியைப் பற்றியும் சொன்னேன். அவர் தேத்தண்ணீர் வைத்தார், பிள்ளைகள் எப்படி என்று விசாரித்தார். அதுவரை பிள்ளை, நீ என்று என்னைக் கூப்பிட்டவர் அன்றைக்கு நீங்கள் என்றார்.

“கொப்பியில எழுதினதைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை,” என்றார். “உங்களுக்குச் சந்தேகம் வந்தது. என்ர பேர்தானே கிடந்தது, ஆருக்கும் வரும். நீங்கள் கண்ணாடி அறைக்குள்ள இருந்து தலையாட்டினதை நான் கண்டனான்.”

நான் மேசையில் கிடந்த பட்டியல்களை மடித்தேன்.

“சுற்றிவளைப்பில ஆமிக்காரங்கள் எங்கட அண்ணையை மடுவுக்குப் போற ரோட்டில லைன்ல நிப்பாட்டினவங்கள். ஆளைக் காட்டிக்குடுக்கிற தலையாட்டி ஒருத்தன் ஜீப்புக்குள்ள சாக்கு மூடினபடி இருந்தான். அவனும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தலையைத்தான் ஆட்டினவன். கொண்டுபோன அண்ணை திரும்பி வரேல்லை.” தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளி வைத்தார். “அவனுக்கும் ஏதோ பயம் இருந்திருக்கும் எண்டு நான் இப்ப நினைக்கிறனான். குடியுங்கோ, ஆறப்போகுது.”

அடுத்த கிழமை அக்கா வேலைக்கு வந்தார். மூன்று மத்தியானம் இருந்து தபால்காரனைத் திருத்தினார். நேரம் எந்தப் புள்ளியோடு வந்தாலும், புள்ளியே இல்லாமல் வந்தாலும் பிழைவிடாதபடி செய்து, ஒவ்வொரு கணினியிலும் ஓடவிட்டுப் பார்த்தார். தன் பெயரில் ஓடிய ஒன்று பிழையோடு நிற்கக் கூடாது என்று பிரிவுத் தலைவரிடம் சொன்னாராம். நாலாம் நாள் வேலையை விட்டார். எவ்வளவோ கேட்டும் நிற்கவில்லை. மகளுக்குப் பக்கத்தில், கோப்பன்ஹேகனை ஒட்டிய அல்பர்ட்ஸ்லுண்டுக்கு வீடு மாறிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன கோடையில் அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தோம். மண்டபத்தின் முன்வரிசையில் அக்கா இருந்தார், முடி முழுக்க வெள்ளை. எட்ட இருந்தே கையெடுத்தேன், அவரும் தலையை அசைத்தார். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், அங்கத்தைய தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகத்தில் இருப்பவராம், நான் அக்காவுக்குக் கையெடுத்ததைக் கண்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கவனமாக இருக்கும்படி எனக்குச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்க அந்த மனுஷி கேட்டதாம், தாங்கள் மறுத்துவிட்டார்களாம். முன்னம் சில்க்போர்க்கில் வேலை செய்த இடத்தில், கூட வேலை செய்த பிள்ளையின் வேலையை எரிச்சலில் அழித்துப் பிடிபட்டவவாம். பூப்பந்து விளையாடுகிற யாரோ சொல்லி இங்கே எல்லோருக்கும் தெரியுமாம். என் வீட்டு மேசையில் இருந்து கிளம்பிய கதை, கடலுக்கு மேலே போகும் பெல்ட் பாலம் கடந்து அங்கே அக்காவுக்கு முன்னால் போய் நின்று, இப்போது என்னையே எச்சரித்தது.

அது பொய், அவ ஒன்றும் செய்யவில்லை என்றேன். கணினியில் நேரம் மாறிய விதத்தை, புள்ளிகளை, தபால்காரனை, எல்லாவற்றையும் என்னால் இயன்ற அளவு இலகுவாகச் சொன்னேன். அவர் வடையைப் பிட்டபடி பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப பிழை இல்லையெண்டா, ஏன் வேலையை விட்டவ?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் புள்ளிகளில் பதில் இல்லை. அந்தப் பிள்ளை நான்தான் என்றேன். கொப்பி எழுதியதைச் சொன்னேன், கண்ணாடி அறையைச் சொன்னேன், தலையாட்டியதைச் சொன்னேன். எங்கள் சனத்தில் தலையாட்டி என்ற சொல்லை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருந்த மற்றப் பெண்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அக்காவின் பெயரை இரண்டு தரம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பெண் தன் கதிரையை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, உள்ளே ஒரு கொப்பி இருக்குமோ என்பதுபோல என் கைப்பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நான் அதை ஐந்து கிழமை ஒருவர் மேல் வைத்திருந்தவள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.